செல்லாயி செய்த சத்தியம்

பதுளை நீதவான் கோட்டிலிருந்து கோயில் சத்தியத்துக்கு ஆளனுப்பும் வழக்கம் இப்போது அருகிவிட்டதாம். போன மாதம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, இப்போது அங்கே துபாஷியாக இருப்பவர் சொன்னார். "உங்க காலத்துல அடிக்கடி போவீங்களாமே நானா. இப்ப வர்ற நீதவான்மாருக்கு அது பிடிக்கிறதில்லை" என்றார். நல்லது என்றேன். ஏன் நல்லது என்று கேட்டார். வீதியில் நின்று சொல்லக்கூடிய பதிலாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வாப்பா பதுளைக் கடைவீதியில் துணி வியாபாரம் செய்தவர். கடைக்கு வரும் தோட்டத்து ஆட்களிடம் அவர்களுடைய தமிழையும், பக்கத்துக் கடைக்காரர்களிடம் சிங்களத்தையும் கற்றேன். இங்கிலீஷைப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கற்றேன். மனு எழுதிக் கொடுப்பவனாகக் கோட்டு மரத்தடியில் சில காலம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு உள்ளே துபாஷியானேன். வழக்காளி சொல்வதை நீதவானுக்கும், நீதவான் சொல்வதை வழக்காளிக்கும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் என் வேலை. தலை நரைக்கும்வரை அதைத்தான் செய்தேன்.

கோயில் சத்தியம் என்றால் என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாதிருக்கலாம். வழக்கில் சாட்சி போதாமல் போனால், ஒரு கட்சி மற்றக் கட்சியைப் பார்த்து, "இன்ன கோயிலில், இன்ன வார்த்தையில் சத்தியம் பண்ணு. பண்ணினால் உன் பக்கமே தீர்ப்பாகட்டும்" என்று கேட்கலாம். மற்றவர் இணங்கினால் நீதவான் அந்த வார்த்தைகளை எழுதுவிப்பார். குறித்த நாளில் கோட்டு ஊழியர் ஒருவர் கூடப் போகவேண்டும். சத்தியம் செய்பவர் முழுகி, ஈரத்துணியோடு சாமிக்கு முன்னால் நிற்பார். பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றுவார். ஊழியர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லி, கடைசியில் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைப்பார். ஊழியர் திரும்பி வந்து, சத்தியம் நடந்தது என்று கோட்டில் சொன்னால் வழக்கு முடிந்தது. அதற்கு மேல் விசாரணை கிடையாது.

முஸ்லிமான நான் கோயிலுக்குள் போகமாட்டேன். வாசலுக்கு வெளியே நின்று வார்த்தைகளை உரக்கச் சொல்வேன். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

இந்த ஏற்பாட்டின்மேல் எனக்கு ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது. பசறைப் பக்கத்து வண்டிக்காரர்கள் இரண்டு பேர் ஒரு காளைக்காக வழக்காடினார்கள். இருவருமே தன் காளை என்றார்கள். சாட்சிகளும் இரண்டு பக்கமும் சரிசமம். சத்தியத்துக்கு இணங்கியவன் முழுகி எழுந்து கோயில்வரை வந்தான். கற்பூரத்தைப் பார்த்ததும் வெளியே திரும்பி வந்துவிட்டான். "வேணாங்க, மாட்டை அவனே ஓட்டிக்கிட்டுப் போகட்டும்" என்று என் காலடியில் உட்கார்ந்துவிட்டான். எந்தப் பிரக்கிராசியின் குறுக்கு விசாரணையாலும் வராத உண்மை அன்றைக்கு ஒரு கற்பூரக் கட்டியால் வந்தது. பொய்ச் சத்தியத்துக்கு எங்கள் மார்க்கத்திலும் மன்னிப்பு லேசில் கிடையாது. படைத்தவனுக்குப் பயந்தவர்கள் எல்லா வேதத்திலும் இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு திரும்பினேன்.

அப்போதிருந்த நீதவானுக்கும் இந்த ஏற்பாட்டில் பிரியம் அதிகம். உயரமான, மெலிந்த வெள்ளைக்காரர். ஒருவரையும் அதட்டிப் பேசமாட்டார். கூலி ஆளாக இருந்தாலும் அவன் சொல்லி முடிக்கும்வரை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு உத்தரவுக்கும் பிறகு என்னிடம், "அவருக்கு விளங்கியதா?" என்று கேட்பார். நான் கேட்டு, அவன் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரிக்குப் போவார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். "இந்த மக்களிடம் பக்தி இருக்கிறது. நம்முடைய சட்டத்தைவிட அது சுருக்கமான வழி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். வழக்குகள் மலைபோலக் கிடந்த காலம் அது. சுருக்கமான வழி அவருக்கு வேண்டியிருந்தது.

அவர் முன்னால்தான் செல்லாயி வந்து நின்றாள்.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்ற வரிசை வீட்டறையில் இருந்துகொண்டு கொழுந்து பறிப்பவள். இருபது வயது இருக்கும். தாய் தகப்பன் இல்லை. கருப்பையா என்று ஒரு அண்ணன் மட்டும். இடுப்பில் ஒரு பெண்குழந்தை, பெயர் அஞ்சலை. இன்னும் தவழத் தொடங்கவில்லை. அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி வேலாயுதத்தின் இளைய மகன் ராமசாமி, பெண்களின் கொழுந்தை நிறுத்துப் பதிகிறவன். அவன்தான் குழந்தையின் தகப்பன், பிள்ளைக்குப் பராமரிப்பு கொடுக்கவேண்டும் என்பது அவள் வழக்கு.

ராமசாமி இல்லை என்றான். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். பக்கத்தில் நின்ற பெரிய கங்காணி தலை குனியவில்லை. கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, நெற்றி நிறையத் திருநீறு. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தர்மகர்த்தா.

நீதவான் செல்லாயியிடம் சாட்சி கேட்டார். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"எந்தச் சாட்சிங்கய்யா வரும்? லயத்துல இருக்கிற அத்தனை பேரும் கங்காணி கூட்டியாந்த ஆளுங்க. பாத்தவங்க இருக்காங்க. வந்து சொல்ல வாயி இல்ல."

அப்போது கங்காணியின் பிரக்கிராசி எழுந்தார். தோட்டத்து மாரியம்மன் சந்நிதியில் அவள் சத்தியம் செய்யட்டும், செய்தால் ராமசாமி ஒப்புக்கொள்வான் என்றார். சத்திய வார்த்தைகளையும் கங்காணி தரப்பே எழுதிக் கொடுத்தது. குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் சொல்லவேண்டியது இதுதான்: இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் ராமசாமிதான், வேறு யாருமில்லை. இது பொய்யானால் அம்மன் இந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசி வரியை மொழிபெயர்க்கும்போது என் நாக்கு தடுக்கியது. மதிய இடைவேளையில் நீதவானின் அறைக்குப் போய், "துரை, அந்தக் கடைசி வரி வேண்டாம். அது பச்சைப்பிள்ளை" என்றேன்.

"அந்த வரி இல்லாவிட்டால் எதிர்க்கட்சி இணங்காது" என்றார் அவர். "அந்தப் பெண் உண்மை சொல்கிறாளா? நீர் என்ன நினைக்கிறீர்?"

"உண்மைதான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்."

"அப்படியானால் அவள் எதற்குப் பயப்படவேண்டும்?"

உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். மாரியம்மன் வந்து பிள்ளையை எடுப்பாள் என்று அவர் நம்பவில்லை. ஆகவே அந்த வரி அவருக்கு வெறும் வார்த்தை. கங்காணி நம்பினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் லயத்தில் பிள்ளைகள் எப்படிச் சாகின்றன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வயிற்றுப்போக்கு, மார்ச்சளி, மலைக்குளிர், வேலைக்குப் போன தாயின் பால் கிடைக்காமை. முதல் வருஷத்தைத் தாண்டாத பிள்ளைகள் எந்தத் தோட்டத்திலும் உண்டு.

வெளியே வந்து செல்லாயியிடம் தனியாகச் சொன்னேன்: "இந்தா புள்ள, இதுக்கு நீ இணங்கணும்னு கட்டாயம் இல்ல. மாட்டேன்னு சொல்லலாம்."

"மாட்டேன்னா?"

"வழக்கைச் சாட்சி வச்சு விசாரிப்பாங்க."

அவள் சிரித்தாள். அண்ணன் கருப்பையா கையெடுத்துக் கும்பிட்டான். "செல்லாயி, வேணாம் புள்ள. பிள்ளைக்கு நேத்துலருந்து இருமல் இருக்கு. வீட்டுக்குப் போயிருவோம். நான் வச்சுக் காப்பாத்துறேன்."

"பொய் சொல்றவதானே அண்ணே பயப்படணும்?" என்றாள் அவள். "எனக்கு வேற யாரு சாட்சி இருக்கா? அம்மன், அவ ஒருத்திதான் இருக்கா."

ரயில் இன்னும் பதுளைக்கு வராமல் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. பசறைவரை மாட்டுவண்டியில் போய், அதற்கு மேல் நடந்தும் ஏறியும் போனேன். கோயில் தேயிலைச் சரிவுக்கு நடுவே புதிதாக நின்றது. சுண்ணாம்புச் சுவர், தகரக் கூரை, வாசலில் சிங்கம். நிலமும் தகரமும் தோட்டத்துத் துரை கொடுத்தது. மற்றதெல்லாம் ஆட்களின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தது. துரை அன்று குதிரையில் வந்து சற்றுத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார். நான் கோட்டு ஆள் என்பதால் என்னோடு பேசினார். "முன்பெல்லாம் என் ஆட்கள் வேறு தோட்டத்துக்கு ஓடிப்போவார்கள். இந்தக் கோயில் வந்த பிறகு ஓடுவதில்லை. சாமியை விட்டுப் போக மனம் வராது" என்றார். கங்காணியின் யோசனைதான் அது என்றும், நல்ல யோசனை என்றும் சொன்னார்.

செல்லாயி, மலைத்தண்ணீர் வந்து விழும் பீலிக்கரையில் முழுகிவிட்டு வந்தாள். குழந்தை குளிரில் அழுதது. கீழ் லயத்து ஆட்கள் அந்தக் கோயிலுக்குள் போக வழக்கமில்லை. கொடிமரத்துக்கு அப்பால் நின்றுதான் கும்பிடவேண்டும். அவளும் அந்த லயத்தவள்தான். அந்தச் சுவருக்குக் கல் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. அன்று ஒருநாள் மட்டும் உள்ளே வரலாம் என்று கங்காணி பெரிய மனது பண்ணியிருந்தார். வாசற்படியில் அவள் ஒரு கணம் நின்று உள்ளே பார்த்ததை நான் கண்டேன். அந்த அம்மனின் முகத்தை அவள் கிட்ட நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. வழக்கையே மறந்தவள்போல் நின்றாள். பூசாரி "சீக்கிரம் வா" என்று அதட்டினார்.

நான் வெளியிலிருந்து சொல்லச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். தெளிவான குரல். "அம்மன் இந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்ளட்டும்" என்ற இடத்தில் மட்டும் குழந்தையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கினாள். குரல் மாறவில்லை. பிறகு உள்ளங்கையைக் கற்பூரத்தின் மேல் வைத்து அணைத்தாள். ராமசாமி அங்கே இல்லை. காய்ச்சல் என்றார்கள்.

அடுத்த தவணையில் நான் கோட்டில் நடந்ததைச் சொன்னேன். ராமசாமியே தகப்பன் என்று நீதவான் தீர்ப்பளித்தார். செல்லாயி வாசலில் என்னைக் கண்டதும் குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து எனக்குக் கும்பிடு போடவைத்தாள். நான் சிரித்தேன். நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மழை இறங்கியது. மடுல்சீமைப் பக்கம் மழைக்காலத்தில் மேலே இருந்து வரும் அழுக்கெல்லாம் பீலித் தண்ணீரில் கலக்கும். கீழ் லயத்தில் பேதி கண்டது. அஞ்சலை போய்விட்டாள். அதே மழையில் அந்த லயத்தில் வேறு பிள்ளைகளும் போயின. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் யாரும் எந்தச் சத்தியமும் செய்திருக்கவில்லை. அதை ஒருவரும் பேசவில்லை. அஞ்சலையைப் பற்றித்தான் தோட்டம் முழுதும் பேச்சு. பொய்ச் சத்தியம் பண்ணினாள், அம்மன் கேட்டுவிட்டாள் என்றார்கள். கீழ் லயத்துக்காரியை உள்ளே விட்டதால் கோயிலுக்குத் தீட்டு என்று சாந்தி செய்தார்கள். மற்றப் பிள்ளைகள் போனதும் அந்தத் தீட்டால்தான் என்று சொல்லப்பட்டது. நேற்றுவரை அவளோடு ஒரே வரிசையில் கொழுந்து பறித்த பெண்கள், இவள் வந்து நின்றால் அடுத்த வரிசைக்கு மாறினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி இவள் முகத்தில் மண்ணை வாரி வீசினாளாம்.

பிள்ளை இல்லாததால் பராமரிப்புக் கட்டளையை ரத்துச் செய்ய வேண்டும் என்று பிரக்கிராசி மனுப்போட்டார். அன்று செல்லாயியும் அண்ணனும் நடந்தே பதுளைக்கு வந்திருந்தார்கள். இடுப்பு வெறுமையாக அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நீதவான் வழக்கம்போல் பென்சிலைக் கீழே வைத்தார். "அவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தரவேணாங்க" என்றாள் அவள். "நான் சொன்னது உண்மைன்னு தொரை தீர்ப்பு எழுதினாங்கல்ல? அதைத் தோட்டத்துல தப்படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. அது போதும். நான் பொய்க்காரி இல்லைன்னு ஒருக்கா எல்லாருக்கும் கேக்கிறாப்புல சொல்லட்டும்."

சொன்னேன். நீதவான் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததாகவே எனக்குத் தோன்றியது. பிறகு தாழ்ந்த குரலில், அப்படிக் கட்டளையிடக் கோட்டுக்கு அதிகாரம் இல்லை என்றார். சத்தியம் நடந்ததா என்பதைத்தான் கோட்டு பார்த்தது, ராமசாமிதான் தகப்பன் என்பதை விசாரித்து அறியவில்லை என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. அதை நான் தமிழில் சொன்னேன். "அவருக்கு விளங்கியதா?" என்று கேட்டார். நான் கேட்டேன். செல்லாயி தலையாட்டினாள்.

விறாந்தையில் நான் வெற்றிலை போட வந்தபோது அவள் தூணோரம் காத்திருந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். நீங்க அன்னைக்கு வெளிய நின்னு சொல்லிக் குடுத்தீங்கல்ல. நான் திருப்பிச் சொன்னதுல ஏதாச்சும் பிசகிருச்சா? பேரை மாத்திச் சொல்லிட்டேனா? இல்ல, நீங்க சொன்னது எனக்குச் சரியாக் கேக்காம நான் வேற என்னமோ சொல்லிட்டேனா? நல்லா நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் இருந்தது.

"இல்லம்மா. ஒரு எழுத்துகூடப் பிசகலை. நான் சொன்னதைத்தான் நீ சொன்னே."

ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அவள் முகம் அப்படியே வற்றிப்போனது. "அப்ப அவளுக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு, பிள்ளைமேல் ஆணையிடும் எந்தச் சத்தியத்துக்கும் நான் போகமாட்டேன் என்று நீதவானிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அப்படிப்பட்ட வார்த்தைகளை அவரும் அதன்பின் ஏற்கவில்லை. சில காலத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பெரிய கங்காணியும் காலமானார். ராமசாமி பெரிய கங்காணியானான், கோயில் தர்மகர்த்தாவும் ஆனான்.

ஒருநாள் திருவிழாச் சாமான் வாங்கப் பதுளைக்கு வந்தவன், கடைவீதியில் என்னைக் கண்டு ஓரமாக அழைத்தான். அதற்குள் உடம்பு பெருத்திருந்தான். தகப்பனைப் போலவே சரிகைத் தலைப்பாகை. சுற்றிலும் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஐயா, அது என் பிள்ளைதான். யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு."

"என்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? லயத்துல நின்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணு பேரு மீளும்."

அவன் என்னை ஒன்றும் தெரியாதவனைப் போல் பார்த்தான். "எப்படிங்கய்யா சொல்றது? அம்மன் பொய்க்காரியத் தண்டிச்சாங்கிறதுதான் அந்தக் கோயிலுக்கே பேரு. அதுக்கப்புறம்தான் அங்க கூட்டம். இன்னைக்கும் எந்தத் தகராறுன்னாலும், அம்மன் முன்னால சொல்லுன்னா ஆளுங்க அடங்கிப்போறாங்க. நான் இப்ப மாத்திச் சொன்னா, நாளைக்கு எவன் பயப்படுவான்? தொரைக்கு நான் என்ன சொல்ல?"

பூமாலைக் கூடைகளை ஆள் தலையில் ஏற்றிவிட்டுப் போய்விட்டான்.

அவன் சொன்னதை வைத்துக்கொண்டு எனக்கு இருக்க முடியவில்லை. செல்லாயியும் அண்ணனும் எல்லப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்துப் போனேன். கருப்பையா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் கண்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறி வந்தான். செல்லாயி இல்லை, இரண்டு மழைக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள் என்றான். கடைசிவரை எந்தக் கோயில் வாசலிலும் அவள் நின்றதில்லையாம். அம்மனைத் திட்டினதும் இல்லையாம். திருவிழா அன்றைக்கும், லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பாளாம்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். ராமசாமி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்றேன். தங்கை இருந்திருந்தால் இந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும் என்றும் சொன்னேன்.

கருப்பையா மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"அது அவளுக்குத் தெரியுமேங்கய்யா. யாரு தகப்பன்னு அவ யார்கிட்டயும் கேக்கலியே. பிள்ளை ஏன் செத்துச்சுன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தா. அதுக்கு ஏதாச்சும் சொன்னானா?"

இல்லை என்றேன்.

"தூரத்துலருந்து வந்திருக்கீங்க. உக்காருங்க, சாயத்தண்ணி கொண்டாரச் சொல்றேன்" என்று லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.